சுழியனுக்குச் செய்த மரியாதை

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை மகிபாலராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அன்பு வந்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, அவனுக்கு அளவு தெரியாது. அவன் அன்பில் மாட்டிக்கொள்வதைவிடக் கோபத்தில் மாட்டிக்கொள்வது மேல் என்று அரண்மனைச் சமையற்கட்டில் பேசிக்கொள்வார்கள்.

அந்த அன்பில் மாட்டியது ஒரு குதிரை. நெற்றியில் ராஜசுழி என்னும் அதிர்ஷ்ட மயிர்ச்சுழி இருந்ததால் அதற்குச் சுழியன் என்று பெயர். ஒரு போரில் ராஜா காயம்பட்டு நினைவு தப்பிக் குதிரைமேலேயே சாய்ந்துவிட்டான். சுழியன் அவனைச் சுமந்தபடி வெள்ளம் போகும் ஆற்றை நீந்திக் கடந்து கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

காயம் ஆறியதும் ராஜா உத்தரவு போட்டான். "இனி சுழியன் ஓர் அடிகூட நடக்கக் கூடாது. புல்லைத் தொடக் கூடாது. எனக்கு என்ன சாப்பாடோ அதற்கும் அதே சாப்பாடு."

அரண்மனைக்குள்ளேயே பளிங்குத் தரை போட்ட கூடம் ஒன்றில் அதைக் கட்டினார்கள். காலில் தங்கச் சங்கிலி. வேளாவேளைக்கு நெய்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல், வெல்லம் பிசைந்த தவிடு. சன்னல் வழியாகத் தோட்டத்துப் புல் தெரியும். பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான்.

மாதங்கள் போகப் போகச் சுழியனின் முகம் வீங்கியது. முட்டிகள் பருத்தன, தொடைச் சதை கரைந்தது. ஒரு காலை எடுத்து மாற்றி வைக்கவே நடுங்கியது. வைத்தியர்கள் தைலம் காய்ச்சித் தடவினார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராஜா போடும் சாப்பாடு ஆயிற்றே.

குதிரைக்காரன் இருளப்பன் மட்டும் சபைக்கு வந்து கையைக் கட்டி நின்றான்.

"சாமி, இது நெய்ச்சோறு தின்னுற சீவன் இல்ல. புல்லும் கொள்ளும் வேணும், வெயில்ல ஓடணும். இப்படியே கட்டிப்போட்டா எலும்பு இத்துப்போகும் சாமி. அவுத்து விடுங்க."

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியானால் நான் காட்டும் அன்புதான் அதற்கு நோயா?"

பக்கத்தில் சரக்கறை அதிகாரி செண்பகராயர் நின்றிருந்தார். ராஜா வேறு யாரிடமாவது சிரித்துப் பேசினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. குதிரையைப் பார்க்க வரும்போதெல்லாம் ராஜா இருளப்பனோடு பேசுவதை வெகுநாளாகப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தவர்.

"மகாராஜா, நெய்யும் வெல்லமும் யாரைக் கெடுத்திருக்கிறது? சோற்றில் இவன்தான் எதையோ கலக்கிறான். குதிரைக்கு இத்தனை மரியாதையா என்று வயிற்றெரிச்சல்."

"பௌர்ணமிக்குள் சுழியன் எழுந்து ஓட வேண்டும். ஓடாவிட்டால் இவன் தலை போகும்" என்றான் ராஜா. இருளப்பனைச் சிறையில் தள்ளினார்கள்.

மந்திரி நல்லுடையார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருளப்பன் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் பக்கத்துச் சிறை தமக்குத்தான் என்பதும் தெரியும். எழுந்து கும்பிட்டார்.

"அரசே, சாப்பாட்டின்மேல் ஒரு பேச்சு வந்துவிட்டது. சுழியனுக்குச் செய்யும் மரியாதையை அப்படியே ஒரு மனிதருக்கும் பௌர்ணமி வரை செய்து காட்டுவோம். இருளப்பன்தான் உள்ளே இருக்கிறானே, எதையும் கலக்க முடியாது. அவர் பொலிவாக எழுந்து வந்தால் இருளப்பன் குற்றவாளி."

"யாருக்குச் செய்யலாம்?"

"தங்களுக்கு மிகவும் வேண்டியவர் யாரோ, அவருக்கு."

வார்த்தை முடிவதற்குள் செண்பகராயர் நாலு பேரை இடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

அவரையும் ஒரு கூடத்தில் மெத்தைமேல் உட்காரவைத்து, காலில் தங்கச் சங்கிலி பூட்டினார்கள். முதல் சில நாள் மனிதர் சொர்க்கத்தில் இருந்தார். பிறகு மந்திரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"மந்திரியாரே, கொஞ்சம் நடந்துவிட்டு வரட்டுமா? முட்டி பிடித்துக்கொண்டது."

"தங்கள் மரியாதையைக் குறைக்க எனக்கு ஏது அதிகாரம்?"

"ஒரு கீரையாவது போடச் சொல்லுங்கள்."

"நெய்ச்சோறு கொண்டுவரச் சொல்கிறேன்."

பௌர்ணமி வந்தது. சபை கூடியது. செண்பகராயரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். கையை விட்டதும் முட்டி மடங்கி, அவிழ்த்துவிட்ட மூட்டையாக உட்கார்ந்துவிட்டார். "மகாராஜா, இந்த மரியாதை போதும், என்னை விட்டுவிடுங்கள்" என்று அழுதார். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். சிம்மாசனத்தை விட்டு இறங்கிச் சுழியன் இருந்த கூடத்துக்கு ஓடினான். "அதை அவிழ்த்துவிடுங்கள், புல் கொண்டுவாருங்கள்" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

படுத்துக் கிடந்த சுழியனுக்கு அந்தக் குரல் தெரியும். எழுந்து நிற்கப் பார்த்தது. இற்றுப்போன முன்னங்கால் எலும்பு அதன் பாரம் தாங்காமல் முறிந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் ராஜாவின் மடியில் தலையை வைத்தபடியே உயிர் போயிற்று. வாயோரம் வைத்த புல் அப்படியே இருந்தது.

"நல்லுடையாரே, தெரிந்திருந்தும் ஏன் அன்றே சொல்லவில்லை?"

"அன்றே சொன்னவன் சிறையில் இருக்கிறான், அரசே."

ராஜா உடனே சிறைக்கு ஆள் அனுப்பினான். இருளப்பனை விடுவித்தான். செண்பகராயரைச் சரக்கறையிலிருந்து விலக்கிப் புல் அறுக்க அனுப்பினான். மந்திரிக்கு முத்துமாலை கொண்டுவரச் சொன்னான். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"என் தந்திரம் பலிக்கப் பௌர்ணமி ஆயிற்று. இருளப்பன் பேச்சைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் போதும். அவன் தலையைக் காப்பாற்றினேன். சுழியனை விட்டுவிட்டேன். இதற்கு மாலை வேண்டாம்" என்றார்.

வருஷம் திரும்பியது. ராஜாவுக்கு ஒரு குதிரைக்குட்டி வந்தது. இருளப்பனைக் கூப்பிட்டுத் தானே அதன் கயிற்றை அவன் கையில் கொடுத்தான்.

"இருளப்பா, இதற்கு என்ன கொடுக்கலாம், எங்கே கட்டலாம்? நீ சொல்கிறபடியே செய்கிறேன்."

இருளப்பன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"சாமி உத்தரவு எப்படியோ அப்படி."

"பயப்படாதே. உனக்குத் தெரிந்ததைச் சொல்."

"சாமி உத்தரவு" என்றான் மறுபடியும்.

நெடுங்கரை ராஜா அதற்கப்புறம் வெகுகாலம் ஆண்டான். என்ன கேட்டும் இருளப்பன் வாயிலிருந்து வேறொரு வார்த்தை வரவேயில்லை.