ஒரு கால்ல ஒரு ஊர்

ஒரு ஊர்ல ஒரு கால்... இல்ல இல்ல, மாத்திச் சொல்லிட்டேன். ஒரு கால்ல ஒரு ஊர் இருந்துச்சு. சிரிக்காதடி அமுதி, அத்தை சரியாத்தான் சொல்றேன். ம் கொட்டு.

"ம்."

மூணு மாடி ஊரு, தோல்னு பேரு. அடி மாடி பூரா கொழுப்பு, மெத்து மெத்துன்னு. குளிரும் தாங்கும், விழுந்தா அடியும் தாங்கும். நடு மாடியில ரத்தம் ஓடும், வேர்வை ஊறும், முடிக்கு வேர் இருக்கும். சுட்டா, குத்துனா ஓடிப்போய்ச் சேதி சொல்ற நரம்பும் அங்கதான். மேல் மாடியில நம்ம சின்னாத்தி. கண்ணுக்கே தெரியாத குட்டி. அந்த மாடியோட அடியில பொறந்து, கொஞ்சம் கொஞ்சமா உச்சிக்கு ஏறணும். ஏறுறதுக்குள்ள காஞ்சிடுவா.

"செத்துடுவாளா?"

ஆமா. காஞ்சவங்க அடுக்கடுக்காப் படுத்துதான் ஊருக்கே கூரை. தூசி, கிருமி எதையும் உள்ள விடமாட்டாங்க.

"பாவம் அத்தை."

பாவம்தான். முதுகு தேய்க்கிறப்போ அழுக்கு உருண்டு வருதே, அதுல பாதி அவங்கதான். எனக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒருநாள் அந்தக் கால் பைக்ல இருந்து இறங்குச்சா, சைலன்சர்ல பட்டு... சுர்ர்ர்! நரம்பு "எடு, எடு"ன்னு கத்துச்சு. கால் தப்பிச்சுது, அந்த இடத்துல மேல் மாடி போச்சு. அது பத்தாதுன்னு யாரோ பேஸ்ட் வேற அப்பினாங்க.

"அப்பாதான்!"

உங்கப்பன் புத்தி அவ்வளவுதான். அப்போ ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்க, பழுப்பா ஒரு தற்காலிகக் கூரை போட்டாங்க. பொருக்கு. அதுக்கு அடியில ஓரத்துல இருந்து சின்னாத்தி கூட்டம் ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்குப் போகுது, புதுசா மாடி கட்ட.

வகுப்புல ஒரு பொண்ணுக்குப் போர் அடிச்சுது. பர்க்! கூரை போச்சு. சின்னாத்தி ஓரத்துல ஒட்டிக்கிட்டா. மறுபடி கூரை, மறுபடி ஊர்ந்தா. டிவி பாக்குறப்போ பர்க்! ரத்தம். கூட வந்தவங்க பாதிப் பேர் போயிட்டாங்க.

"ம்..."

மறுபடி கூரை. இந்தத் தடவை நடுவுக்கே வந்துட்டா, இன்னும் துளிதான். அப்போ போர்வைக்குள்ள ஒரு நகம் வருது, சரக்... சரக்...

"அப்புறம்?"

எனக்கெப்படித் தெரியும்? நகம் உன்னோடது.

"அரிக்குது அத்தை."

அரிக்கும். அவ வேலை நடக்குதுல்ல.

"...சரி. அவளை வரச் சொல்லு."

கையைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கோ. அவ்வளவுதான்டி தங்கம், மிச்சக் கதையை அவ பாத்துக்குவா. நீ கண்ணை மூடு.