வேணாமுக்கு வேணாம்

அந்த மலைல மேகம் கதவத் தட்டாது. நேரா உள்ள வந்து, சோத்துப் பானைய எட்டிப் பாத்துட்டு, பிடிக்கலன்னா சன்னல் வழியா போயிடும்.

மேல நாலே பேரு. குரு, அப்புறம் ஏகாம்பரம், பூங்கோதை, தாவூத் பாய்னு மூணு சிஷ்யங்க. குருவுக்கு முப்பது வயசு, பொம்பள. சிஷ்யன் ஏகாம்பரத்துக்கு அம்பதுக்கு மேல, முன்னாள் பஸ் கண்டக்டர். அவரு குருவ "சாமி"ம்பாரு. குரு அவர "அண்ணே"ம்பா. தாடி மட்டும் சிஷ்யன்கிட்ட.

அங்க தியானம் கிடையாது, சீட்டு தான். ஆளுக்கு ஒரு 'போறேன்' சீட்டு உண்டு. மலைய விட்டு எறங்கணும்னா வாயால சொன்னா செல்லாது, அதப் போடணும். பிடிக்காதவங்க கையில 'வேணாம்' சீட்டு இருந்தா அது மேல போட்டு வெட்டலாம். அந்த வேணாமையும் இன்னொரு 'வேணாம்' வெட்டும். ஒரு தடவ வெட்டுப்பட்டா, அடுத்த மழக்காலம் வரைக்கும் எறங்க முடியாது.

ஒவ்வொரு சீட்டுக்கும் குரு "யாராச்சும்?"னு கேப்பா. எல்லாரும் சும்மா இருந்தா சீட்டு நடக்கும். யாராச்சும் வாயத் தொறந்தா, தும்மினாக் கூட, மறுபடி கேக்கணும்.

ஏகாம்பரத்தோட வாயால ஒரு ஆட்டமும் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சதில்ல.

அன்னிக்குப் பூங்கோதை 'போறேன்' போட்டா.

"ஏன் தாயி?"ன்னாரு தாவூத் பாய்.

"கனவுல கடலு வருது பாய். நேத்து எந்திரிச்சுப் பாக்கேன், கால் நனைஞ்சிருக்கு."

"கூர ஒழுகுது"ன்னாரு ஏகாம்பரம்.

பூங்கோதை சிரிச்சா. ஏகாம்பரம் ஜோக்குக்கு அந்த மலைல சிரிக்கிற ஒரே ஆளு அவ தான்.

"யாராச்சும்?"னு கேட்ட குருவே ஒரு 'வேணாம்' எடுத்து மேல போட்டா.

ஏகாம்பரத்துக்கு உசுரு வந்துச்சு. அப்புறம் தன் கையப் பாத்தாரு. அங்க ஒரு 'வேணாம்' உக்காந்திருந்துச்சு.

பூங்கோதை தன் சீட்டப் பெரட்டிப் பாத்தா. அவகிட்ட 'வேணாம்' இல்ல. பாய் கைய விரிச்சாரு. அவ ஏகாம்பரத்தப் பாத்தா.

"சாமி, ஒரு சந்தேகம். வெட்டுப்பட்டது அவங்க சீட்டு. அவங்க தான திருப்பி வெட்டணும்? நடுவுல நான் யாரு?"

"நீங்களும் உக்காந்திருக்கீங்களேண்ணே."

"குரு போட்ட சீட்ட வெட்டலாமா?"

"சீட்டுக்குக் குரு தெரியாது."

"சரி, போட்டா எது மொதல்ல நடக்கும்?"

"கூட்டமான பஸ்ல கடைசியா ஏறினவன் எங்க நிப்பான்?"

"படியில."

"மொதல்ல எறங்குறது?"

"அவன் தான். அவன் எறங்காம உள்ள இருக்கவன் நகர முடியாது."

ஏகாம்பரம் கணக்குப் போட்டாரு. தன் வேணாம் குருவோட வேணாமத் தின்னுடும். அடியில பூங்கோதையோட 'போறேன்' அப்படியே கெடக்கும். எறங்கிப் போயிடும்.

"நீங்க ஏன் சாமி போட்டீங்க? அவங்க போகக் கூடாதா?"

"எனக்கும் அவங்க இங்க இருந்தா நல்லா இருக்கும்ணே. கையில சீட்டு இருந்துச்சு. போட்டேன்."

மேகம் வந்து நடுவுல உக்காந்துச்சு. கொஞ்ச நேரம் யாரு மூஞ்சியும் தெரியல. அது வெலகினப்போ, குரு சீட்டு மேல இன்னொரு 'வேணாம்' இருந்துச்சு. ஏகாம்பரம் கையில இருந்ததக் காணோம்.

"யோவ் கண்டக்டரே, குருவுக்கேவா!"ன்னாரு பாய்.

"யாராச்சும்?"னு கேட்டா குரு.

"பாய்க்கு ஏப்பம் வருது சாமி, அவர விட்டுருங்க"ன்னாரு ஏகாம்பரம்.

பூங்கோதை சிரிச்சா. மறுபடி மொதல்லேர்ந்து.

"யாராச்சும்?"

"மழ வர்ற மாதிரி இருக்கு. மழையில எறங்குனா வழுக்கும். சும்மா சொன்னேன்."

பூங்கோதை சிரிக்கல.

"யாராச்சும்?"

"அங்க கடலு உப்பு சாமி. இங்க தண்ணி..."

"அண்ணாச்சி"ன்னா பூங்கோதை. அவ்வளவு தான் சொன்னா.

ஏகாம்பரம் குருகிட்ட திரும்பினாரு. "நான் தான் போட்டுட்டேனே சாமி! இன்னும் என்ன என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கீங்க?"

"போட்டது கை தாண்ணே. நீங்க இன்னும் போடல."

ஏகாம்பரம் வாயத் தொறந்தாரு. உள்ள ஒரு நல்ல ஜோக்கு இருந்துச்சு. கடலப் பத்தி. பூங்கோதை கட்டாயம் சிரிச்சிருப்பா.

"யாராச்சும்?"

மேகம் நாலு பேரையும் ஒரு சுத்து சுத்திட்டு, சன்னல் வழியா கீழ எறங்கிச்சு.

ஏகாம்பரம் வாய மூடிக்கிட்டாரு.