பிரபு அனுப்பிய முயல்

"இந்த முயலை என்னால் வரைய முடியாது குருவே" என்றான் யோரிஸ்.

ஆன்ட்வெர்ப் நகரத்துப் பெண் ஓவியர் கத்தலைனிடம் தொழில் கற்பவன் அவன். முயலின் ரோமத்தை அவனைப்போல வரைய அந்த ஊரில் ஆளில்லை. பணக்காரர்களின் சாப்பாட்டுக் கூடங்களுக்கு அப்போது செத்த விலங்குகளின் படம்தான் அலங்காரம். வேட்டையில் விழுந்த முயல், கௌதாரி, பக்கத்தில் பாதி தோலுரித்த எலுமிச்சை. எப்படித்தான் சாப்பிட்டார்களோ.

இந்த முயலை அனுப்பியவர் கோட்டைப் பிரபு. அவருடைய காட்டில் வேறு யாரும் வேட்டையாடக் கூடாது. போன குளிர்காலத்தில் பசி தாங்காமல் அங்கே ஒரு முயலைப் பிடித்த யோரிஸின் தம்பியை அவர் தூக்கில் போட்டார். வரையப்போவது அவன் அண்ணன் என்று பிரபுவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிருக்காது.

மறுத்தால் அந்த ஊரில் பிழைக்க முடியாது. வரைந்தால் பெற்றவள் முகத்தில் விழிக்க முடியாது.

கத்தலைன் அவனைத் தேற்றவில்லை. படத்தில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

அவன் பாடம் ஒப்பித்தான். எலுமிச்சை, பார்க்க அழகாகவும் வாயில் புளிப்பாகவும் இருக்கிற உலக இன்பம். கௌதாரி காமம். ஈ உட்கார்ந்திருந்தால், அழுகல் தொடங்கிவிட்டது.

"முயல்?"

"பயந்த உயிர் என்பார்கள். பிரபுவுக்கு அது அவருடைய காடு. எனக்கு அது என் தம்பி."

கத்தலைன் எழுந்தாள்.

எல்லாப் பட்டறைகளிலும் செய்வதுபோல, முயலைப் பின்னங்காலில் கட்டி ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் முடிச்சை அவிழ்த்தாள். அதே கயிற்றை முயலின் கழுத்தில் கட்டி மறுபடி மாட்டினாள்.

கால்கள் நீண்டு தொங்கின.

யோரிஸால் பார்க்க முடியவில்லை. பிறகு பார்த்தான். அழுதுகொண்டே தூரிகையை எடுத்தான்.

படம் முடிந்ததும் பிரபு வந்தார். ரோமத்தை வெகுவாக மெச்சினார். தொட்டால் மெத்தென்று இருக்கும்போல என்றார். அப்புறம் நெற்றியைச் சுருக்கினார்.

"முயலைக் காலில்தானே கட்டுவார்கள். இது என்ன, கழுத்தில்?"

பதில் சொல்ல வாயெடுத்த கத்தலைன், சீடனைப் பார்த்தாள்.

"உங்கள் காட்டில் கழுத்தில்தான் கட்டுகிறார்கள் பிரபுவே" என்றான் யோரிஸ். "கயிற்றை அறுத்து இறக்கியவன் நான்."