ஏரிக்கு வந்த விருந்து

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு மூக்கும் நீளம், கோபமும் நீளம். ஏரிக்கரையில் புது அரண்மனை கட்டி, புதுமனை விழாவுக்கு நாள் குறித்தார். அந்த வருஷம் பார்த்து மழை இல்லை. ஏரி வற்றிக் குறுகி, பாசி பிடித்துப் பச்சைக் குழம்பாகிவிட்டது. கரையில் ஒதுங்கிய பாசி அழுகி, அப்படியொரு நாற்றம். விழாவுக்கு வந்த சிற்றரசர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பல்லக்கைத் திருப்பிவிட்டார்கள்.

ராஜாவுக்கு மானம் போயிற்று. "எட்டு நாளுக்குள் ஆயிரம் விருந்தாளிகள் இங்கே வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். ஒருவரும் மூக்கைப் பொத்தக்கூடாது. விருந்து முடிந்ததும் ஒன்பதாம் நாள் எப்படியும் இந்த ஏரியைத் தூர்த்துவிடுவேன்" என்றார்.

சபைப் புலவர் அகத்தீசனாருக்கு விகடகவி கொழுந்தப்பனைக் கண்டாலே ஆகாது. "அரசே, இது கொழுந்தப்பனால்தான் ஆகும். ஆனால் ஊராரைக் கூட்டிவந்து ஒப்பேற்றிவிடுவான். விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்று பொருள். இதுவரை இவ்வூருக்கு வராதவரே விருந்தினர்" என்று கொளுத்திப் போட்டார்.

"நல்ல பொருள். தவறினால் கொழுந்தப்பன் நாட்டை விட்டே போகட்டும்" என்றார் ராஜா.

கொழுந்தப்பன் ஏரிக்குப் போனான். ஆளரவமற்ற கரையில் ஒரே ஒரு பூநாரை, தலையைக் கவிழ்த்துப் பாசித் தண்ணீரை அலகால் அரித்துத் தின்றுகொண்டிருந்தது. அப்படியொரு பறவையை அந்த ஊரில் அவன் பார்த்ததே இல்லை. "ஒன்று ருசி கண்டுவிட்டது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பேசாமல் காத்திருந்தான். அவன் மனைவி மூட்டையே கட்டிவிட்டாள்.

எட்டாம் நாள் காலை ராஜாவை மாடத்துக்கு அழைத்தான்.

ஏரியில் பச்சையைக் காணோம். கரையிலிருந்து கரைவரை இளஞ்சிவப்பு. ஆயிரமாயிரம் பூநாரைகள் நின்றன. வானத்திலிருந்து இன்னும் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைப் பொத்தியிருந்த கை தானாக இறங்கியது அவருக்கே தெரியாது.

"அரசே, இவை வெறும் பறவைகள்" என்றார் புலவர், மூக்கைப் பிடித்தபடி.

"இவ்வூருக்கு வராதவரே விருந்தினர் என்றவர் தாங்கள்தானே, புலவரே. இவர்களில் யார் மூக்கைப் பொத்துகிறார்கள்? நமக்கு நாற்றம், அவர்களுக்குப் பந்தி வாசனை. ஆயிரம் பேர் உண்டா என்று தாங்களே எண்ணிச் சொல்லுங்கள்" என்றான் கொழுந்தப்பன்.

எண்ணுவதற்கு இரண்டு கை விரல்களும் வேண்டியிருந்தன. புலவர் மூக்கை விட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பனுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும்?" என்றார்.

"நாளைக்கு ஏரியைத் தூர்க்க ஆள் வருகிறது, மகாராஜா. விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை எடுக்கலாமா?"

ராஜா வேலையாட்களைத் திருப்பி அனுப்பினார். அன்று தம் சாப்பாட்டையும் மாடத்துக்கே கொண்டுவரச் சொல்லி, விருந்தாளிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார்.