செல்லக்கிளி போட்ட இலை

மாவு மிஷின் வாங்க அரசு மானியம் கேட்டுப் போனாள் செல்லக்கிளி.

"மிஷினை ஓட்டிக் காட்டும்மா, அப்புறம் மானியம் தர்றேன்" என்றார் அதிகாரி.

"மிஷின் வாங்கத்தானே சார் மானியம்?"

"விதி அப்படி."

பார்வையிட வரும் அதிகாரிக்கு, மானியம் கேட்டவர் வீட்டில் விருந்து வைப்பது எங்கள் வட்டாரத்து வழக்கம். மிஷின் வைக்கப்போகும் இடத்தைப் பார்க்க அவர் வந்த அன்று தெருவே கூடியிருந்தது. செல்லக்கிளி இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள், கரண்டியோடு சும்மா நின்றாள்.

"என்னம்மா, சோறு போடலையா?"

"முதல்ல ஏப்பம் விடுங்க சார், அப்புறம் போடுறேன்."

தெரு சிரித்தது. அவர் முகம் கறுத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார். எத்தனையோ ஆண்டுகள் மானியத்துக்காகக் கொடி பிடித்து ஊர்க்காரர்கள் நாங்கள் சாதிக்காததை வெறும் இலையில் சாதித்தாள்.

ஆனால் விதி மாறவில்லை. அடுத்த ஊருக்கு அவர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அங்கே ஒருவருக்கும் மிஷின் கிடைக்கவில்லை.