மெத்தைத் தரையும் வடிவக்காவின் கடைவாய்ப் பல்லும்

பொத்தக்குளத்து ஆண்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அந்த ஊர் இன்னும் உருப்படாமல் கிடப்பதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. "அடுப்பிலே பால் இருக்கு, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால், பால் பொங்கி, வழிந்து, சட்டி தீய்ந்து, தெருவே மூக்கைப் பொத்தும் வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கேட்டால், "பார்க்கத்தானே சொன்னீங்க?" என்பார்கள்.

வடிவாம்பாளின் தம்பி சிங்காரம் இவர்களில் முதல் ஆள். அடைக்கலம், மாசானம் என்ற இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, அக்காவின் வீட்டு மாடியில் ஜிம் வைத்திருந்தான். மாடிக்கு நேர் கீழே, வீட்டின் முன்னறையில், பல் டாக்டர் ஜெபசிங்கின் ஆஸ்பத்திரி. பின்கட்டில் வடிவாம்பாள்.

வடிவாம்பாள் எதற்கும் கவலைப்படுகிறவள். மழை வந்தால் ஒழுகுமோ என்று கவலை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கவலை. கவலைப்பட ஒன்றும் இல்லாத நாளில், நமக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது என்று கவலை. இப்போது அவளுக்கு நிஜமாகவே ஒரு கவலை வந்திருந்தது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் வைத்தியம் ஆரம்பித்து, டாக்டர் பாதி குடைந்திருந்த நேரத்தில் மேலே 'தொம்' என்று ஓர் இரும்பு விழுந்தது. டாக்டரின் கை துள்ளியது. அவர் மிஷினை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார்.

"வடிவம்மா, இன்னொரு தடவை இப்படி விழுந்தா பல்லுக்குப் பதிலா நாக்கைக் குடைஞ்சிருவேன். மேலே தரைக்கு ரப்பர் போடச் சொல்லுங்க. சத்தம் நிக்கிற வரைக்கும் நான் உங்க வாயிலே கை வைக்க மாட்டேன்."

பாதி குடைந்த பல்லில் பஞ்சை அடைத்து அனுப்பிவிட்டார். சூடாகக் காப்பி குடித்தால் உச்சந்தலை வரை சுரீர் என்றது. தண்ணீர் குடித்தால் காதுக்குள் மணி அடித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறினாள்.

"ஏலே சிங்காரம், ரப்பர் கடைக்குப் போயி ஜிம்முத் தரைக்கு நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாங்கலே. பல்லு உயிர் போகுது."

மூவரும் உடனே கிளம்பினார்கள். சோம்பேறித்தனம் என்ற குறையை மட்டும் அவர்கள் மேல் யாரும் சொல்ல முடியாது.

ரப்பர் கடைக்காரர் நல்ல மனிதர். "வீட்டு ஜிம்முக்கா, வியாபார ஜிம்முக்கா? வீடுன்னா மெலிசு போதும். நாலு பேர் வந்து இரும்பைப் போடுற இடம்னா தடிமனா வேணும்" என்றார்.

மூவரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள்.

"கீழே அக்கா குடியிருக்கா. அப்போ வீடுதான்" என்றான் அடைக்கலம்.

"வாசல்ல பலகை தொங்குதே. பலகை தொங்குனா வியாபாரம்" என்றான் மாசானம்.

"பலகையிலே வியாபாரம்னு எழுதலையே" என்றான் சிங்காரம். "அதுவுமில்லாம, மத்தியானம் நாம அங்கனதானே படுத்துத் தூங்குதோம்? தூங்குற இடம் எப்படிலே வியாபாரம் ஆகும்?"

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அப்படிப் பார்த்தா நானும் மத்தியானம் இங்கேதான் தூங்குதேன். என் கடையும் வீடுதான், போங்க!"

மூவரும் திடுக்கிட்டார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பவ்வியமாக உள்ளே வந்தார்கள். மாசானம் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டான்.

இவர்களிடம் பேசி முடியாது என்று கடைக்காரர் சப்பாத்தி அளவில் ஒரு தடித்த துண்டை எடுத்துக் கொடுத்தார். "இது சாம்பிள். இது மேல இரும்பைப் போட்டுப் பாருங்க. சத்தம் வரலைன்னா இதையே எடுத்துக்கோங்க."

மாடிக்கு வந்து போட்டுப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"சத்தம் வரலை" என்றான் சிங்காரம்.

"அப்போ இதையே எடுத்துக்கலாம்" என்றான் மாசானம்.

"கையிலேதானே இருக்கு. எடுத்தாச்சு" என்றான் அடைக்கலம். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததில் மூவருக்கும் சந்தோஷம்.

அன்று சாயங்காலத்திலிருந்து ஜிம்மில் புதுச் சட்டம். யாராக இருந்தாலும் தூக்கிய இரும்பை அந்தத் துண்டின் மேல்தான் இறக்க வேண்டும். இறக்குவதற்கு வரிசை. ரேஷன் கடையில்கூட அப்படி ஒழுங்காக நின்றதில்லை. ஆனால் ரேஷன் கடையில் யாரும் தலைக்கு மேல் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. முன்னால் நின்றவர் மெதுவாக இறக்கி, முகத்தைத் துடைத்து, ஊர் விஷயம் இரண்டு பேசிவிட்டு நகர்ந்தார். பின்னால் நின்றவர்களின் கை முதலில் நடுங்கியது, பிறகு முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்ற இடத்திலேயே போட்டுவிட்டார்கள்.

கீழே டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த போஸ்ட்மாஸ்டரின் வாய்க்குள் கூரையிலிருந்து ஒரு சுண்ணாம்புப் பத்தை விழுந்தது. பின்கட்டில் வடிவாம்பாளின் பல்லிலிருந்து பஞ்சு தெறித்தது.

"துண்டு இல்லலே, தரை முழுக்க! மூலைக்கு மூலை!" என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள்.

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லாக்கா" என்றான் சிங்காரம், வருத்தத்தோடு.

மறுபடி போய் வண்டி நிறைய வாங்கி வந்தார்கள். கடைக்காரர் தெருமுனை வரை கூடவே வந்து சொல்லி அனுப்பினார்: "வந்ததும் ஒட்டிடாதீங்க. ஒரு நாள் அந்த ரூமிலேயே ரப்பர் ஓய்வெடுக்கட்டும். அப்பத்தான் சுருக்கம் போகும்."

ரப்பர் சுருள்களை அறையில் படுக்க வைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டார்கள். அடைக்கலம் தன் வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்து முட்டுக்கொடுத்தான். உடற்பயிற்சிக்கு வந்தவர்களை மாசானம் படியிலேயே மறித்து, உதட்டில் விரலை வைத்து, "இப்பத்தான் கண்ணசந்திருக்கு" என்று கிசுகிசுத்துத் திருப்பி அனுப்பினான். மத்தியானம் சிங்காரம் கதவை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு, "புரண்டுகூடப் படுக்கலை, பாவம், என்ன அசதியோ" என்றான்.

கீழே வடிவாம்பாள் திடுக்கிட்டு எழுந்தாள். மாடியில் சத்தமே இல்லை! கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். கதவில் பூட்டு. டாக்டர் கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சத்தம் இல்லாத ஒரு நாள், டாக்டரும் இல்லாத நாளாகப் போய்விட்டது. அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் ரப்பரை விரித்தார்கள். கன்னங்கரேலென்று, நடுநடுவே நீலப் பொட்டு வைத்து, அவ்வளவு அழகாக இருந்தது.

"இது மேலயாலே இரும்பைப் போடச் சொல்லுதாவ?" என்றான் அடைக்கலம். குனிந்து ஒரு பொட்டைத் தடவிக் கொடுத்தான்.

"தடம் விழுந்துரும்" என்றான் மாசானம்.

"அக்கா ஆசையா வாங்கச் சொன்ன சாமான்" என்றான் சிங்காரம்.

இதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பொத்தக்குளத்தில் புதுப் பொருளை மூடாமல் வைக்கும் வழக்கம் இல்லை. ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், எந்த எண் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குச் சட்டை உண்டு. வடிவாம்பாளின் சோபாவே, வாங்கிய காலத்திலிருந்து கடைக்காரன் சுற்றித் தந்த பாலிதீனைக் கழற்றாமல்தான் இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் தொடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும்.

ஆகவே ரப்பர் கெடாமல் இருக்க அதன் மேல் எதையாவது போட்டு மூட வேண்டும் என்று ஒருமனதாக முடிவாயிற்று. கொல்லையில், வீடு கட்டியபோது மிஞ்சிய கடப்பாக்கல் கிடந்தது. சுமந்து வந்து, ரப்பர் ஓர் இடத்தில்கூட வெளியே தெரியாதபடி மூலைக்கு மூலை பரப்பினார்கள். அதன் பிறகுதான் நிம்மதியாகப் பெரிய இரும்பைத் தூக்கிப் போட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள், மண்ணெண்ணெய் லாரி கவிழ்ந்துவிட்டது என்று எண்ணிக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஜெபசிங் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து, பற்களின் அச்சுகளை ஒவ்வொன்றாக அதில் அடுக்க ஆரம்பித்தார்.

வடிவாம்பாள் ஓடி வந்து வாசலை மறித்து நின்றாள். சுற்று வட்டாரத்தில் வேறு பல் டாக்டர் கிடையாது. இவரும் போய்விட்டால் இந்தப் பாதிப் பல்லோடு காலத்தைத் தள்ள வேண்டும். பல்வலியிலும் ஒரு யோசனை உதித்தது.

"டாக்டர், போயிராதீங்க! நீங்க மாடிக்குப் போயிருங்க. இவனுவ கீழே வரட்டும். கீழே மண்ணுதானே இருக்கு. சத்தம் போடுதான்னு மண்ணு வந்து சண்டையா பிடிக்கப் போகுது?"

டாக்டர் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தார். பரவாயில்லை, இந்த வீட்டிலும் மூளை இருக்கிறது என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

நாற்காலி மேலே போயிற்று. இரும்பும் ரப்பரும், அதை மூடிய கல்லும் கீழே வந்தன. வைத்தியத்துக்கு மாடி ஏறும்முன் வடிவாம்பாள் வாசலில் நின்று, கன்னத்தைப் பிடித்தபடி உத்தரவு போட்டாள்.

"கல்லைத் தூக்கி எறிங்கலே. நல்லாக் கேட்டுக்கோங்க. டாக்டருக்கும் உங்களுக்கும் நடுவிலே ரப்பர் இருக்கணும். இரும்பு ரப்பரிலேதான் படணும். தரையிலே பட்டுதுன்னா உங்க மூணு பேரையும் தொலைச்சுப்புடுவேன்!"

அவள் போனதும் மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"டாக்டர் எங்கன இருக்காரு?" என்றான் சிங்காரம்.

"மேலே."

"நாம?"

"கீழே."

"நடுவிலே?"

மூவரும் மெதுவாகத் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்கள்.

மேலே டாக்டர் ஊசி போட்டார். வடிவாம்பாளின் கன்னம் மரத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு 'தொம்' வரப் போகிறது, வரப் போகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை. குடைந்தார், வரவில்லை. கழுவினார், வரவில்லை. வேரை அடைத்து, பல்லை மூடி, "எந்திரிங்கம்மா, முடிஞ்சுது" என்றார். அப்போதும் வரவில்லை. வடிவாம்பாளுக்கு நம்பவே முடியவில்லை. அழுகை வந்தது, பாதி முகத்தில் மட்டும்.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பியிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று இறங்கி வந்தாள். கதவைத் திறந்தாள். இரும்பு ஒன்றைக்கூடக் காணோம். நிமிர்ந்தாள்.

கூரை முழுக்க ரப்பர் ஒட்டியிருந்தது. ரப்பர் முழுக்க டம்பெல்களும், இரும்புத் தட்டுகளும், பெரிய கம்பியும் பசை தடவி ஒட்டப்பட்டு, வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கின. கீழே சிங்காரமும் அடைக்கலமும் மாசானமும், பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தோளோடு தோள் ஒட்டி மல்லாந்து படுத்திருந்தார்கள்.

"எல்லா வெயிட்டையும் தூக்கி முடிச்சாச்சுக்கா" என்றான் சிங்காரம். "இனி இந்த ஜிம்முல தூக்குறதுக்கு ஒண்ணும் பாக்கியில்லை."

மரத்த வாயை வடிவாம்பாள் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். "விழுந்துரப் போகுதுலே!"

"விழத்தான் செய்யும்" என்றான் மாசானம். "பசை இன்னும் காயலை."

"ஆனா தரையிலே படாதுக்கா. சத்தமும் வராது" என்றான் சிங்காரம். "அதுக்குத்தானே நாங்க படுத்திருக்கோம்."

அடைக்கலம் தன் தொப்பையைப் பெருமையாகத் தட்டிக் காட்டினான்.

"அமுக்கிப் பாருங்கக்கா, நல்ல தடிமன். உங்க அடுக்களைக்கு மெலிசா வேணும்னா சொல்லுங்க, என் தம்பி வீட்டுலே சும்மாத்தான் இருக்கான்."