அடுப்பில் என்ன பிழை

"நாலு கிழமையாத் தேய்ச்சுக்கொண்டிருக்கிறன். பிழை எங்கையெண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லை" என்றார் தில்லைநாதன்.

சுகிர்தா ஒரு கம்பி பிரஷை நீட்டினாள்.

"உங்கட கையில இருக்கிறது தேஞ்சு போச்சு. இதை எடுங்கோ."

அவர் வாங்கிக்கொண்டார்.

தில்லைநாதனுக்கு அறுபத்துமூன்று வயது. சுகிர்தாவுக்கு முப்பத்தெட்டு. இருவரும் ஸ்காபரோவில், பத்து நிமிடத் தூரத்தில் இருந்தார்கள். கிழமை நாட்களில் அவள் வீடு வீடாகப் போய் காஸ் குழாய் பொருத்துவாள். ஞாயிறு காலைகளில் தன் கராஜில் பழைய பாபிக்யூ அடுப்புகளைப் பிரித்துக் கழுவித் திரும்பப் பூட்டுவாள். எல்லாம் சனம் குப்பைக்கென்று தெருவோரம் தள்ளிவிட்டவை.

தில்லைநாதனின் அடுப்பு தெருவோரத்தில் கிடந்ததல்ல. குளிர் விட்டதும் அவரே தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இதைப் புதுசாக்கித் தாங்கோ, பிள்ளை."

"என்ன நடந்தது இதுக்கு?"

"போன ஆகஸ்டில வெடிச்சது. மூட்டேக்கை குப்பெண்டு பிடிச்சு, என்ர மகளின்ர கை எரிஞ்சு போச்சு. அடுப்பில ஏதோ பிழை."

சுகிர்தா அடுப்பை ஒருதரம் சுற்றி வந்தாள். குனிந்து மூடியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"நான் திருத்திக் குடுக்கிறதில்லை, அண்ணை. நீங்கள் இருந்து திருத்திறதெண்டால் பக்கத்தில நிப்பன்."

"எனக்கு இந்த வேலை தெரியாதே."

"தேய்க்கத் தெரியும்தானே."

அப்படித்தான் தொடங்கியது.

முதற் கிழமை இரும்புத் தட்டிகளைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுச் சுரண்டினார். ஆறு வருடத்துக் கொழுப்பு கறுப்பாகப் பெயர்ந்து வந்தது.

"இந்தக் கொழுப்போ பிழை?"

"இல்லை."

இரண்டாம் கிழமை மூடியைக் கழற்றி, அதை அடுப்போடு சேர்க்கிற பிணைச்சலைத் தட்டி நிமிர்த்தி, வினாகிரி விட்டு உட்பக்கத்தைத் துடைத்தார். மூன்றாம் கிழமை எண்ணெய் வடிகிற தட்டு. அதில் ஒரு எலும்புத் துண்டு ஒட்டியிருந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

"பேத்தியின்ர பிறந்தநாள். முப்பது பேருக்குக் கோழி ஊறவைச்சிருந்தனாங்கள்" என்றார்.

எலும்புத் துண்டைக் குப்பைக்குள் போட்டார்.

"மகள் சனிக்கிழமையில வருவாள். முன்னறையில இருப்பாள். அடுப்பு நிண்ட பின்வளவுக்கு வாறேல்லை. ஆனா என்னை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பொறுமையான பிள்ளை."

"ம்."

"இந்த முறைப் பிறந்தநாளுக்கு வெளியில ஒரு ஹோல் வாடகைக்கு எடுத்திருக்கினமாம். ஆகஸ்டில. அதுக்கு முதல் பிழையைப் பிடிச்சுக் காட்டினனெண்டால், எங்கட வீட்டிலேயே வைப்பம் எண்டு சொல்லலாம்."

"அந்தத் தட்டின்ர மூலையில இன்னும் கிடக்கு, அண்ணை."

அவர் மூலையைச் சுரண்டினார்.

நாலாம் கிழமை காஸ் குழாயைச் சிலிண்டரில் பூட்டி, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசினார்கள். கசிவு இருந்தால் குமிழி வரும். தில்லைநாதன் முழங்காலில் இருந்து, மூக்கு முட்டுகிற தூரத்தில் பார்த்தார்.

ஒரு குமிழியும் வரவில்லை.

அவர் முகம் விழுந்துவிட்டது.

"குமிழி வராட்டி நல்லதெல்லோ?" என்று கேட்டாள் சுகிர்தா.

"நல்லதுதான்" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் நாலு கிழமைத் தேய்ப்பைப் பற்றிய அந்த முறைப்பாட்டைச் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் புதுப் பிரஷைக் கொடுத்தாள்.

ஐந்தாம் கிழமை, சுகிர்தா சிலிண்டரைக் கழற்றிக் கராஜுக்கு வெளியே, வேலியோரமாக வைத்தாள். பிறகு நாலு பர்னர் குழாய்களையும் உருவி மேசையில் வைத்தாள். காஸ் இந்தக் குழாய்களுக்குள்ளால்தான் ஓடி, வரிசையான துளைகளால் வெளியே வந்து எரியும். ஒவ்வொரு துளையையும் மெல்லிய கம்பியால் குத்தித் துப்புரவாக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் போட உள்ளே போனாள்.

மூன்றாவது குழாயில் கம்பி போகவில்லை.

தில்லைநாதன் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. பஞ்சு மாதிரி. கம்பியின் நுனியை வளைத்து இழுத்தார். சிலந்திக் கூடு.

கூட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து அவர் சிரித்தார். 

உடனே போனை எடுத்தார்.

"தர்சிகா, பிழை பிடிச்சாச்சு. சிலந்தி."

"என்னப்பா?"

"சிலந்தி குழாய்க்குள்ள கூடு கட்டி அடைச்சிருக்கு. அதாலதான் அண்டைக்குக் காஸ் ஒழுங்காப் போகேல்லை. அதாலதான் அப்பிடிப் பிடிச்சது."

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"கேக்குதோ?"

"கேக்குது, அப்பா."

"இனிப் பயமில்லை. அந்த ஹோலை வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"பாப்பம், அப்பா" என்றாள் மகள். போன் வைக்கப்பட்டது.

சுகிர்தா இரண்டு கோப்பைகளோடு வந்தாள். அவர் கூட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இந்தாங்கோ. அஞ்சு கிழமை."

அவள் கோப்பைகளை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"மகளுக்குச் சொல்லிப்போட்டன்" என்றார்.

"வெடிச்சது எப்ப?"

"ஆகஸ்டில. சொன்னனான்தானே."

"அதுக்குப் பிறகு மூட்டினியளோ?"

"இல்லை. படங்கு போட்டு மூடி வேலியோரம் விட்டிட்டன். தொட்டுக்கூடப் பாக்கேல்லை."

"எத்தினை மாதம்?"

"ஒம்பது இருக்கும்."

சுகிர்தா விரல் நுனியால் கூட்டை மெல்லப் பிரித்தாள். உள்ளே மஞ்சளாக ஒரு சின்னச் சிலந்தி இருந்தது. அது கால்களை விரித்து, தில்லைநாதனின் கட்டைவிரலில் ஏறி, மணிக்கட்டுப் பக்கம் நடந்தது.

"அண்டைய நெருப்புக்குள்ள இது இருந்திருந்தால் கருகியெல்லோ போயிருக்கும்" என்றாள்.

அவர் சிலந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் கையிலிருந்து மேசைக்கு இறங்கி, மேசையின் விளிம்பால் கீழே போய் மறைந்தது.

"அப்ப என்னதான் பிழை?" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சுகிர்தா மேசைப் பக்கம் திரும்பினாள். பர்னர்களைத் திரும்ப வைத்தாள். தட்டிகளை அடுக்கினாள். மூடியைத் திறந்து விட்டாள்.

"சிலிண்டர் வெளியில நிக்குது. காஸ் இல்லை. அண்டைக்கு எப்பிடி மூட்டினியளோ, அப்பிடியே செய்து காட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"செய்யுங்கோ, அண்ணை. மகள் எங்க நிண்டவ?"

அவர் அடுப்பின் வலது பக்கத்தைக் காட்டினார். சுகிர்தா போய் அங்கே நின்றாள். பொறி தட்டுகிற பொத்தான் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

"ஆக்கள்?"

"பின்னால. எல்லாரும் தட்டோட நிண்டவை. மச்சான் பகிடி விட்டுக்கொண்டு நிண்டவர், தில்லைக்கு ஒரு அடுப்பு மூட்டத் தெரியாதோ எண்டு."

"சரி. மூட்டுங்கோ."

அவர் காஸைத் திறக்கிற குமிழைத் திருப்பினார்.

"பிடிக்கேல்லை" என்றார். "காத்து. ரெண்டு மூண்டுதரம் பிடிச்சுப் பிடிச்சு அணைஞ்சது."

"பிறகு?"

"பிறகு காத்துப் படாமல் இருக்கட்டும் எண்டு..."

அவர் மூடியைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"குமிழை நிப்பாட்டினியளோ?"

"இல்லை."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம். மச்சானுக்கு ஏதோ பதில் சொல்லிக்கொண்டு நிண்டனான்."

"பிறகு?"

அவர் கை மூடியின் பிடியிலேயே இருந்தது.

"பிறகு மகள் சொன்னாள், அப்பா, காஸ் மணக்குது, கொஞ்சம் பொறுப்பம் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

தில்லைநாதன் மூடியின் பிடியை விட்டார். 

"பொத்தானை அமத்தடி எண்டன்."

சுகிர்தா பொத்தானில் விரலை வைத்தாள்.

காஸ் இல்லை என்று அவருக்குத் தெரியும். சிலிண்டர் வேலியோரம் நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஆனாலும் அவர் கை பாய்ந்துபோய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டது.



பிறகு அவர் கையை விட்டார். கராஜ் ஓரத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"முதல் நாளே. மூடியின்ர பிணைச்சல் பின்னால வளைஞ்சு கிடந்தது. மூடி துறந்திருந்தால் காஸ் உள்ள தேங்காது, அது அப்பிடி வளையாது."

"அதை நான்தானே தட்டி நிமித்தினனான்."

"ஓம்."

"அப்பவே ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அடுப்பைத் திரும்ப வானில ஏத்தியிருப்பியள்."

அவர் யோசித்தார்.

"ஓம்" என்றார். "ஏத்தியிருப்பன்."

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அவர் அதைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

"மகளுக்கு நான் இப்ப என்ன சொல்லுறது, பிள்ளை?"

"எனக்குச் சொன்னதைத்தான்."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மகளின் வீட்டுக்குப் போனார்.

தர்சிகா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"சிலந்தி இல்லை" என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"காஸைத் துறந்து விட்டுப்போட்டு மூடியை மூடினது நான். நீ மணக்குது எண்டு சொன்னது எனக்குக் கேட்டது. வடிவாக் கேட்டது. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. அதாலதான் அமத்தச் சொன்னனான்."

தர்சிகா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"பத்து மாதமா எல்லாருக்கும் அடுப்பு, அடுப்பு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

"ஓம்."

"எனக்கும் சொன்னனீங்கள்."

"ஓம்."

"கை எப்பவோ ஆறீட்டுது, அப்பா" என்றாள்.

அவர் மகளின் கையைப் பார்த்தார்.  உள்ளே பேத்தி யாருடனோ விளையாடுகிற சத்தம் கேட்டது.

"அடுத்த ஞாயிறு அந்தக் கராஜுக்கு எத்தினை மணிக்குப் போறியள்?" என்று கேட்டாள் மகள்.

"ஒம்பது."

"நானும் வாறன்."

அடுத்த ஞாயிறு வெயில் நன்றாக இருந்தது. அடுப்பைக் கராஜுக்கு வெளியே, காற்றாட உருட்டிக்கொண்டு வந்தார்கள். சுகிர்தா தர்சிகாவிடம் பெயர் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

தில்லைநாதன் சிலிண்டரைப் பூட்டினார். இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, மூன்று பேரும் பார்த்தார்கள். குமிழி இல்லை. மூடியை முழுதாகத் திறந்து விட்டார். தர்சிகா இரண்டு அடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அயல் வீட்டுக்காரர் இருவர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு வேலியால் எட்டிப் பார்த்தார்கள். "என்ன, புது அடுப்போ?" என்றார் ஒருவர்.

தில்லைநாதன் சிரித்தார். குமிழில் கை வைத்துத் திருப்பினார். மற்றக் கை பொத்தானுக்குப் போனது.

"அப்பா" என்றாள் தர்சிகா. "எனக்கு ஏதோ மணக்கிற மாதிரிக் கிடக்கு."

அவர் குமிழை நிறுத்தினார். குனிந்து சிலிண்டரின் வால்வையும் மூடினார். நிமிர்ந்து, மகளைக் கூட்டிக்கொண்டு நடைபாதை வரை பின்னால் போய் நின்றார்.

சுகிர்தா அடுப்பருகே போனாள். குனிந்து முகர்ந்தாள். பிரஷை எடுத்து எல்லா இணைப்பிலும் இன்னொருதரம் தண்ணீர் பூசிப் பார்த்தாள்.

அயல் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தில்லைநாதன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காஸ் கலைய ஐந்து நிமிடம் போக வேண்டும்.

"இஞ்ச ஒண்டும் மணக்கேல்லையே, அண்ணை" என்றாள் சுகிர்தா.

"அவளுக்கு மணந்ததாம்" என்றார் அவர்.